நாடி ஏறிக்கொண்டிருந்த மதியம்

பிரசவம் ஆன பெண்ணின் கட்டிலருகே போய் நின்றால் என் தலைக்குள் ஒரு வரிசை ஓடத் தொடங்கும். முகம், நாடி, ரத்த அழுத்தம், கர்ப்பப்பை, சிறுநீர், துணி. நர்சிங் படித்தபோது பழகியது. ஒன்றையும் விடவில்லை என்று தெரிந்தால்தான் அடுத்த கட்டிலுக்குக் கால் நகரும்.

அப்போது ஆண்டிமடத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். முந்திரிக் கொட்டை பொறுக்கும் காலம். முந்திரிக்காட்டு வேலைக்குப் போகும் வீட்டுப் பெண் ஒருத்திக்குக் காலையில் ஆண் குழந்தை பிறந்தது. இரண்டாவது பிரசவம். சிக்கல் ஏதும் இல்லை. வார்டுக்கு மாற்றியபோது கர்ப்பப்பை தொப்புளுக்குக் கீழே பந்து போலக் கெட்டியாக இருந்தது. துணைக்கு அவளுடைய அம்மா மட்டும் இருந்தார்.

அடுத்த முறை பார்க்கப் போனபோது நாடி கொஞ்சம் வேகமாக இருந்தது. ரத்தப்போக்குக்கு வைத்திருந்த துணியைப் பார்த்தேன். ஏறக்குறைய உலர்ந்திருந்தது. வலியின் அசதியாக இருக்கலாம். ஆனாலும் மற்ற கட்டில்களை முடித்துவிட்டுச் சீக்கிரமே திரும்பி வந்தேன். நாடி இன்னும் ஏறியிருந்தது. துணி அப்படியே உலர்வாக இருந்தது. ரத்தம் போனால்தான் நாடி இப்படி ஏறும்; துணியிலோ ரத்தம் இல்லை. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

அவள் கொட்டாவி விட்டாள். உடனே இன்னொன்று.

“தூக்கம் தூக்கமா வருதுக்கா.”

“ராத்திரி பூரா கத்துனவ, தூங்கட்டுமே பாப்பா,” என்றார் அவள் அம்மா என்னிடம். “நீ வேற வந்து வந்து எழுப்புற.”

அந்த நேரம் பார்த்து அவளுடைய மாமியார் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சேர்ந்தார். பூண்டுக் குழம்பு வாசனை வார்டு முழுக்கப் பரவியது. குழந்தையைப் பார்த்ததும், “மூக்கு எங்க வூட்டு மூக்கு” என்றார்.

“மூக்க வச்சுக்குங்க சம்மந்தி. நெறம் எங்க பக்கம்.”

“நெறத்த வச்சு என்ன பண்றது? கொட்ட பொறுக்கப் போனா ஒரு வாரத்துல கருத்துரும்.”

இருவரும் சிரித்தார்கள். படுத்திருந்தவள் சிரிக்கவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளுத்திருந்தது.

வயிற்றில் கை வைத்தேன். பந்து இருந்த இடத்தில் பந்தைக் காணவில்லை. தொப்புளுக்கு மேலே, வலப்பக்கமாக, பிசைந்த மாவு போல ஏதோ கைக்குப் பட்டது. சிறுநீர்ப்பை நிரம்பினால் கர்ப்பப்பையை இப்படித்தான் தள்ளும். தள்ளப்பட்ட கர்ப்பப்பை இறுகாது. இறுகாவிட்டால் ரத்தம் நிற்காது.

“ஒண்ணுக்குப் போனியாம்மா?”

“இல்லக்கா. பாத்ரூம் வழி பூரா ஆம்பளைங்க நிக்கிறாங்க. சாயந்தரமாப் போய்க்கிறேன்.”

கர்ப்பப்பை இறுகட்டும் என்று வயிற்றை அழுத்தித் தேய்த்தேன். சூடாக ரத்தம் வந்து துணியை நனைத்து மெத்தை விரிப்பிலும் பரவியது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் குரல் கொடுத்தேன்.

“அம்மா, இதுவரைக்கும் எத்தன துணி மாத்துனீங்க?”

“ஒண்ணுதான்,” என்றார். சொல்லும்போது கண் சம்மந்தி பக்கம் போய் வந்தது.

“ஏன் வயித்தப் போட்டு இந்த அமுக்கு அமுக்குற?” என்றார் மாமியார். “நாங்க ஆறு பெத்தோம். எவ வந்து அமுக்குனா?”

நான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. குரும்பலூரில் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது எங்கள் அம்மா செய்தது நினைவுக்கு வந்தது. பேற்றுத் துணியைக் காக்கையோ நாயோ தொடக்கூடாது, பிறத்தியார் கண்ணிலும் படக்கூடாது. ஆஸ்பத்திரி வாளியில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொல்லையில் புதைத்தார். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது.

“எங்கம்மாவும் எடுத்துதான் வச்சாங்க. யாரும் எடுத்துக்க மாட்டோம். எவ்வளவு போயிருக்குன்னு தெரிஞ்சாதான் மருந்து குடுக்க முடியும். எங்க இருக்கு, காட்டுங்க.”

அவள் அம்மா குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை இழுத்தார். வாயை இறுக்கக் கட்டியிருந்தது. வாங்கியபோது என் கை கீழே இறங்கியது. ஊறிய துணிகளின் கனம். நான் வந்து பார்ப்பதற்குச் சற்று முன்பாக ஒவ்வொரு முறையும் மகளைச் சுத்தமாக வைத்திருக்க மாற்றியிருக்கிறார்.

“அழுக்கு ரத்தந்தானே போவுது, போனா நல்லதுன்னு இருந்துட்டேன்.” அவர் வாய் கோணியது. “பாப்பா, ஒண்ணும் ஆயிராதுல்ல?”

அதற்குள் டாக்டரம்மா ஓடி வந்தார். பையைத் திறந்து ஒரு முறை பார்த்தார், அவ்வளவுதான். குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தோம். நிறைய வந்தது. கர்ப்பப்பை இறுகுவதற்கான ஊசி, இரண்டு கையிலும் டிரிப். என் உள்ளங்கை வயிற்றை விட்டு எழவில்லை. இறுகியது. அப்பாடா என்று நினைப்பதற்குள் மறுபடி தளர்ந்தது. தேய்த்தேன். இறுகியது.

“ரத்தம் ஏத்தணும், அரியலூருக்கு அனுப்பிடலாம்,” என்றார் டாக்டரம்மா. “நீ கூடப் போ. கைய எடுக்காத.”

மாமியார் தூக்கைத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கித் துண்டோடு மார்பில் அணைத்துக்கொண்டார். “நீங்க ஏறுங்க சம்மந்தி. இவன நான் பாத்துக்குறேன்.”

ஆம்புலன்சில் அந்த அம்மா மகளின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் கைக்கு அடியில் அந்தப் பந்து இருக்கிறதா என்று தேடினேன். முகம், நாடி, கர்ப்பப்பை. முகம், நாடி, கர்ப்பப்பை. வரிசை மூன்றாகச் சுருங்கிவிட்டது. அவள் கண் மூடும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். “ம்” என்றாள். ஒரு தடவை சொல்லவில்லை. தோளைப் பிடித்து உலுக்கியபோது, “தாகமா இருக்குக்கா” என்றாள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அரியலூரில் கட்டிலுக்கு மாற்றி, நடந்ததையெல்லாம் அங்கிருந்த சிஸ்டரிடம் சொல்லி முடித்தேன். ரத்தம் ஏறத் தொடங்கியது. அவள் வயிற்றை அந்த சிஸ்டரும் தொட்டுப் பார்த்தார். “இறுகிதான் இருக்கு. இனிமே நாங்க பாத்துக்குறோம், நீங்க கெளம்புங்க,” என்றார். என் கை மரத்துப் போயிருந்தது. கிளம்ப மனம் வரவில்லை. சுவரோரமாக நின்றேன்.

கொஞ்சம் கழித்து அந்த அம்மா மகளுக்குத் துணி மாற்றினார். மாற்றியதைச் சுருட்டப் போனவர் நிறுத்தினார். அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் இருந்தார்கள். துணியை விரித்து அந்த சிஸ்டரிடம் நீட்டினார்.

“பாரு பாப்பா. பாத்து சொல்லு.”

நடுவில் மட்டும் கொஞ்சம் நனைந்திருந்தது.