ஆட்டுமயிர் மெழுகு

செம்பூர் மருந்துக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தபோது அம்மாவின் உள்ளங்கைகள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. தாராவி தோல் ஷெட்டில், சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து மயிரை உருவுவது அவள் வேலை. அப்பாவுக்கும் அங்கேதான். சோறு பிசையும்போது உப்பு பட்டு அம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள்.

மாட்டுங்காவில் ஒரு மாமி அப்பளம் இட்டு விற்றுவந்தார். இட்டுக் கொடுக்கும் பெண்களிடம் மாவை வீட்டுக்கே கொடுத்துவிடுவார். ஆனால் கையைப் பார்த்த பிறகுதான். வெடித்த கை என்றால் வாசலோடு சரி. அந்த வேலை கிடைத்தால் அம்மா சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமே போக வேண்டியதில்லை.

நான் இருந்தது களிம்புப் பிரிவு. களிம்பில் முக்கால்வாசி லானோலின்தான்: ஆட்டுமயிரை அலசி எடுக்கும் மஞ்சள் மெழுகு. தோலில் ஈரம் காயாமல் காக்கும். சூப்பர்வைசரிடம் கேட்டு, டிரம்மின் அடியில் ஒட்டியிருந்ததை ஒரு டப்பாவில் வழித்து வந்தேன்.

"ஆட்டு மயிருல இருந்தா? நாள் பூரா அதத்தானல உருவுதேன். எனக்கு ஏன் ஒட்டல?" அம்மா சிரித்தாள்.

"சுண்ணாம்பு அத எல்லாம் தின்னுருதும்மா."

"படிச்ச புள்ள சொல்லுதாம்லா, பூசிப் பாரேன்," என்றார் அப்பா.

ஷெட்டுக்குப் போகாமல் இருந்து பூசினாள். வெடிப்புகள் மூடின. என்னோடு மாட்டுங்காவுக்குக் கிளம்பும்போது கையை என் மூக்கருகே நீட்டினாள். "வாடை கீடை அடிக்கால?"

முகர்ந்தேன். அப்பாவும் முகர்ந்தார். ஒன்றுமில்லை.

மாமி அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்தார். "நன்னா மெத்துனு இருக்கே." குனிந்தவர் சட்டென்று விட்டுவிட்டார். "ஐயோ, ஆட்டுப்பட்டி மாதிரின்னா நாத்தம்! மாவுல ஏறினா என் அப்பளத்தை எவன் வாங்குவான்?"

"கழுவிட்டு வாரேம்மா."

"வேண்டாம்மா. போயிட்டு வா."

களிம்பில் கடைசியாக வாசனைத் தைலம் ஊற்றுவது என் வேலைகளில் ஒன்று. அது எதை மறைக்க என்று அந்த வாசலில்தான் புரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாடைக்குள்ளேயே மூச்சுவிட்டவனுக்கு அது எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து அம்மா சலவைச் சோடா போட்டுத் தேய்த்தாள். தேய்த்துத் தேய்த்து நீட்டினாள், முகர்ந்தேன். முன்பும் இல்லை, இப்போதும் இல்லை. கை மறுபடி வெடித்தது. மறுநாள் ஷெட்டுக்குப் போய்விட்டாள். டப்பாவை எடுத்துக் கொடுத்தால், "நாளைக்கும் அதே சுண்ணாம்புதானல," என்று தள்ளிவிடுகிறாள்.

நான் தினமும் சோப்புப் போட்டுக் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ரயிலேறுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போனால், இறங்கத்தான் எழுந்தாரா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன்.