கண்ணில் பொட்டு வைத்த வண்டி

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, எதிர் ஃப்ளாட்காரர் தன் புது காரை ரிவர்ஸ் எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். பின்பக்கக் கேமராவின் மேல் அவர் வீட்டில் யாரோ சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். உள்ளே திரையில் ஒன்றும் தெரியவில்லை. மனுஷர் இறங்கி வந்து, துடைக்கலாமா கூடாதா என்று விரலைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக நின்றார். நான் பால்கனியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தேன். "அடுத்தவங்க கஷ்டத்துல அப்படி என்ன சந்தோஷம்?" என்றாள் மனைவி. அவளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? காய்ந்த சந்தன வாசனை வந்தால் கூடவே எனக்கு சால்டரிங் புகையின் வாசனையும் வந்துவிடும். உங்களிடமாவது சொல்கிறேன்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் தாம்பரத்தில் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது எங்கள் தெருவில் இன்ஜினியர் இல்லாத வீடு என்றால் ஆளே குடியில்லாத வீடு என்று அர்த்தம். எப்படியோ மாடம்பாக்கம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. புதன்கிழமை மதியம் ஒன்பதாம் வகுப்புக்கு 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' பீரியட். பழைய சைக்கிள் ஷெட்டுக்குச் சுவர் எழுப்பி ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் என்னை டிசைன் சார் என்றார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாலே கோணலாகப் போகும் கை என்னுடையது.

முதல் வகுப்பில் நான் கேட்ட கேள்வி, "உங்க வீட்ல யாருக்கு என்ன தொல்லை?" என்பதுதான். அதற்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகும் அப்பாவுக்கு டேங்க் நிரம்பினால் கத்தும் மணி ஒன்று வந்தது. தம்பி ஃபிரிட்ஜைத் திறந்தால் காட்டிக்கொடுக்கும் விளக்கு ஒன்று வந்தது. அதை வைத்த அன்றே தம்பி பல்பைக் கழற்றிவிட்டான் என்று கேள்வி. தீபாவும் ஆல்பர்ட்டும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். தீபா எதையும் தொடுவதற்கு முன் பத்துக் கேள்வி கேட்பாள். ஆல்பர்ட் தொட்டு, கழற்றி, உடைத்துவிட்டுத்தான் முதல் கேள்வியே கேட்பான். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் போட்டது நான் செய்த ஒரே உருப்படியான டிசைன்.

ரூமைப் பெருக்க கஸ்தூரி அக்கா வருவார். பள்ளி முழுக்க அவர் ஆயாம்மா, எங்கள் ரூமில் மட்டும் அக்கா. பெருக்கும்போது கிடைக்கும் ஸ்க்ரூ, ஒயர்த் துண்டு எதையும் குப்பையில் போடமாட்டார். "இதுவும் எத்துக்காவது ஆவும் சார்" என்று என் மேஜையில் குவித்துவிட்டுப் போவார். பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளே போகும்படி சாம்பிராணி காட்டிவிட்டார். அது இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. "இன்னொரு தடவ எந்த மிஷின்லயாவது கைய வச்ச, அன்னியோட கணக்க முடிச்சுக்க" என்று கரஸ்பாண்டென்ட் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீடு ஓடியது.

கரஸ்பாண்டென்ட் கெட்டவர் இல்லை. அவருடைய அப்பா நெல் போட்ட நிலத்தில் இவர் பள்ளிக்கூடம் போட்டார், அவ்வளவுதான். விளைச்சல் என்றால் அவருக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "டென்த் பசங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் வைக்க இடமில்ல சார், பேரன்ட்ஸ் கேக்கறாங்க. ஒரு கப்பு கொண்டாந்து இந்த ஷோகேஸ்ல வைங்க, உங்க ரூமை நான் தொட மாட்டேன்" என்றார். கப்பு வராவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவைத்தேன்.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டி வந்தது. தானாக ஓடும் வண்டி ஒன்று ஒரு தம்ளர் தண்ணீரைச் சுமந்து போய், சுவருக்கு ஒரு சாண் முன்னால் தானாகவே நிற்க வேண்டும். தண்ணீர் சிந்தக் கூடாது. தீபாவும் ஆல்பர்ட்டும் செய்த வண்டிக்கு முன்னால், சல்லடை மூடிய இரண்டு வட்டக் கண் வைத்த சென்சார் இருந்தது. ஒரு கண் நம் காதுக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பும், சுவரில் பட்டுத் திரும்புவதை மற்றது வாங்கிக்கொள்ளும். ரூமில் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் சொன்ன இடத்தில் நின்றது. ஆயுத பூஜை லீவுக்காக ரூமைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தோம். போட்டி விஜயதசமிக்கு மறுநாள்.

அன்று காலை ரூமைத் திறந்தால் ஒரே மணம். சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், சால்டரிங் அயர்ன் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. வண்டிக்கு நெற்றி இல்லையே, அக்கா என்ன செய்வார்? இரண்டு கண்ணிலும் ஒவ்வொன்று வைத்துவிட்டார். "எல்லாத்துக்கும் வச்சிக்கினு இத்த மட்டும் வுட்டா சாமி கோச்சுக்காதா சார்?" என்றார். பூஜைப் பொட்டை அழிக்க யாருக்கு மனசு வரும்? நான் நான்கு வருஷம் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். அந்தக் கண்களைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வண்டி நிற்கவில்லை. நேராகப் போய்ச் சுவரில் முட்டி, தம்ளர் எகிறி, தண்ணீர் முழுக்க நடுவரின் பேன்ட்டில். இரண்டு ஓட்டத்துக்கும் சேர்த்துத்தான் மார்க், முதல் ஓட்டத்துக்கு முட்டை. ஆல்பர்ட் சென்சார் முன்னால் கையை ஆட்டிப் பார்த்தான். பிறகு குனிந்து கண்ணைப் பார்த்தான். "சார், சந்தனம் சல்லடைக்குள்ள இறங்கி இறுகிப் போயிருக்கு" என்றான். தீபா சேஃப்டி பின்னை வைத்துச் சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. அடுத்த ஓட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். தீபா தன் ஜடை ரிப்பனை அவிழ்த்தாள். ஆல்பர்ட்டின் ஸ்கேலை ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்படி வண்டிக்கு முன்னால் கட்டினாள். ஸ்கேல் சுவரைத் தொட்டால் பின்னால் இருக்கும் சுவிட்ச் அமுங்கி மோட்டார் நிற்கும். வண்டி போனது, ஸ்கேல் தொட்டது, நின்றது. நடுவர் ஈரப் பேன்ட்டோடு எழுந்து கை தட்டினார். கப்பு வேறு பள்ளிக்குப் போனது.

மின்சார ரயிலில் திரும்பும்போது இரண்டு பேரும் ஜன்னலோரம் தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசிக்கொண்டே வந்தார்கள். அடுத்த வண்டிக்குத் திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் கரஸ்பாண்டென்ட் மூன்று பேரையும் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை. "ரெண்டாவது தடவ நின்னுச்சுல்ல? அப்ப மொத தடவ ஏன் நிக்கல? வேற யாராச்சும் கைய வச்சாங்களா? உங்க தப்பு இல்லன்னா சொல்லுங்க, ரூமை இன்னும் ஒரு வருஷம் விட்டுவைக்கிறேன்" என்றார். கதவுக்கு வெளியே கஸ்தூரி அக்கா வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் வகுப்பில் இருந்தது ஒரே ஒரு சட்டம்தான். ஒன்று கெட்டுப்போனால் அது ஏன் கெட்டது என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அதை என்னைவிடக் கறாராகப் பிடித்துக்கொண்டவள் தீபா.

"எங்க தப்புதான் சார். புரோகிராம்ல நான் ஒரு நம்பரை மாத்தி எழுதிட்டேன்" என்றாள்.

"நானும் செக் பண்ணல சார்" என்றான் ஆல்பர்ட்.

ரயிலில் பேசி முடித்தது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கரஸ்பாண்டென்ட் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அந்த ரூம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

அந்த வாரமே ஸ்பெஷல் கிளாஸ் பெஞ்சுகள் வந்து இறங்கின. சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டும்போது கஸ்தூரி அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் நல்லாத்தான கும்ட்டேன், அப்புறம் இன்னாத்துக்கு இப்படி ஆச்சு?" என்றார். தீபா கண் இமைக்காமல், "நீங்க கும்பிட்டதாலதான் அக்கா ரெண்டாவது தடவ நின்னுச்சு" என்றாள். அக்காவின் முகம் தெளிந்தது. அக்கா அதற்கப்புறம் பல வருஷம் அங்கே வேலை பார்த்தார்.

என்னைக் கணக்குக்கு மாற்றினார்கள். மறுவருஷம் பத்தாம் வகுப்பு ஸ்பெஷல் கிளாஸ், அதே ரூமில், நானே எடுத்தேன். தீபாவும் ஆல்பர்ட்டும் இரண்டாவது பெஞ்சில் இருந்தார்கள். திருத்த வேண்டிய நோட்டுகள் மேஜை மேல் ஓர் ஆள் உயரம் இருக்கும். ஒருநாள் தீபா தப்பாகப் போட்ட கணக்கைக் காட்டி, "இது எங்க தப்பாச்சுன்னு பாக்கலாமா சார்?" என்றாள். நேரமில்லைம்மா என்று சொல்லி, சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்தேன். அப்புறம் அவள் கேட்கவில்லை.