பத்தாயிரத்து ஒன்றாவது விளக்கு

குன்னத்துக்கு மேற்கே எங்கள் ஊர். கார்த்திகை தீபத்தன்று சிவன் கோயில் திடலில் பத்தாயிரத்து ஒரு அகல் விளக்கு ஏற்றுவார்கள். வரிசைக்கு நூறாக நூறு வரிசை. மிஞ்சுகிற ஒன்று சன்னதிக்கு நேரே தனியாக நிற்கும். அதைப் பெரிய வீட்டுக்காரர் ஏற்றிய பிறகுதான் மற்றதெல்லாம் எரியும். அகலை அடுக்கி எண்ணெய் ஊற்றுவது மட்டும் எங்கள் தெரு.

நான் ஆறாவது படித்த வருடம், அந்த ஒற்றை விளக்கை ஒரு தடவை எங்கள் தெருவும் ஏற்றட்டுமே என்று அப்பா கேட்டுவிட்டார். பெரிய வீட்டுக்காரர் கோபப்படவில்லை. சிரித்தார்.

“நானா முறை வச்சேன்? எப்படி அடுக்குனாலும் ஒண்ணு மிஞ்சுதே, அது சாமி வச்ச முறைப்பா.”

அப்பா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. சாமி அப்படிச் செய்யுமா? தினமும் திருநீறு பூசிக் கும்பிடுகிறேன், எனக்குத் தெரியாதா? கணக்கு நோட்டை எடுத்து இரண்டிலிருந்து வகுக்க ஆரம்பித்தேன். மூன்றுக்கு இரண்டு மிஞ்சியது. ஏழுக்கு ஐந்து. ஐம்பதைத் தாண்டியபோது தாளெல்லாம் தீர்ந்து அட்டைக்கு வந்திருந்தேன். எழுபத்து மூன்றில் சுத்தமாக வகுபட்டது. ஈவு நூற்று முப்பத்தேழு. மீதி பூஜ்ஜியம்.

நோட்டோடு திடலுக்கு ஓடி, பெரிய வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றேன்.

“எழுவத்தி மூணு வரிசை போட்டா ஒண்ணும் மிஞ்சாதுங்க.”

“யாரு வூட்டுப் புள்ள இது? போ அந்தாண்ட.”

“மிஞ்சும்னு நீங்கதானே சொன்னீங்க? மிஞ்சல. வகுத்துப் பாருங்க.”

அவர் நோட்டை வாங்கவில்லை. அப்பா வாங்கிப் பார்த்தார். பிறகு குனிந்து, வரிசைக்குக் கயிறு கட்டியிருந்த முளைக்குச்சியைப் பிடுங்கித் தள்ளி அடித்தார். அப்புறம் தெருவே கயிற்றைப் பிடித்தது. பொழுது சாய்வதற்குள் திடல் நிறைந்துவிட்டது. தனி விளக்கு இல்லை. யார் முதலில் ஏற்றினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சாமி யாரையும் மிச்சம் வைப்பதில்லை. இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

அடுத்த வருடம், இனிமேல் பத்தாயிரத்து ஏழு விளக்கு என்று பெரிய வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எனக்குப் புதுக் கணக்கு கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரே சந்தோஷம். மூன்று நாள் உட்கார்ந்து நூறு வரைக்கும் வகுத்தேன். எதிலும் வகுபடவில்லை. நூறு வரை வகுபடாவிட்டால் அதற்கு மேலும் வகுபடாது என்று கணக்கு சார் சொல்லிவிட்டார். எத்தனை வரிசை போட்டாலும் மிஞ்சும். மறுபடியும் தனி விளக்கு. சமமாக அடுக்கவே முடியாத ஓர் எண்ணை, பெரம்பலூர் வரை போய் யாரையாவது கேட்டுத் தேடிப் பிடித்திருப்பார்கள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோற்றுவிட்டேன் என்று அழுதேன்.

குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்.

“ஏன் பாப்பா, கோயில்லேர்ந்து நம்ம தெரு வரைக்கும் ஒரே வரிசையா வச்சா என்னா மிஞ்சும்?”

அவள் சொன்னபடியே வைத்தார்கள். கோயிலில் தொடங்கி, பெரிய வீட்டு வாசலைத் தாண்டி, ஏரிக்கரை வழியாக எங்கள் தெருக் கடைசி வரைக்கும் எரிந்தது. நான் மட்டும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். ஒன்றால் எந்த எண்ணும்தான் வகுபடும், அதெல்லாம் ஒரு கணக்கா என்று அம்மாவோடு சண்டை போட்டேன்.