அடி மூடாத பானைகள்

சடையப்பனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. கெடிலத்தின் கரையில், திருவந்திபுரத்துக்கு நடக்கிற தூரத்தில் எங்கள் ஊர். நான் அங்கே பள்ளிக்கூட வாத்தியார். தபாலாபீசும் என் வீட்டு முன்னறையில்தான். சடையப்பனுக்குக் குயவர் தெருவில் கடைசி வீடு.

சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம், ஐப்பசியில், அவர் மனைவி பூவம்மாள் மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். ஒரே மகள் சௌந்தரம் சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். காரியம் முடிந்ததும், "என்னோட வந்துடுப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மனுஷன் அசையவில்லை.

"பொங்கல் சூளைக்கு என் பானைய எறக்கிக் காட்டுறேன். எறக்கிட்டா இங்கியே இருப்பேன். இல்லன்னா நீயே வந்து இட்டுக்கினு போ."

வாய் சொல்லிவிட்டது. பானை ஒற்றை ஆள் வேலையா? ஏரி மண்ணையும் ஆற்று மணலையும் கலந்து மிதித்து, சக்கரத்தில் வாயும் கழுத்தும் வனைவது ஆண்பிள்ளை. அறுத்து எடுக்கும்போது பானைக்கு அடி இருக்காது, பெரிய ஓட்டைதான் இருக்கும். கொஞ்சம் காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவது எங்கள் ஊரில் பெண்பிள்ளை. நாற்பது வருஷம் பலகையைத் தொடாத சடையப்பன் இப்போது தொட்டார். தட்டினதெல்லாம் கிழிந்தது.

கார்த்திகை முழுக்க வீடு நிறைய அடியில்லாத பானைகள். நடுவில் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்கை இல்லை. அந்த வாசலைத் தாண்ட மனசு வராமல் நான் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனேன். இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக் குப்புதான் ஒருநாள் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தாள். "பேசாம குந்து மாமா. நான் தட்டித் தரேன். எங்க வூட்டுக்காரரு பானைய தட்டுற கைதான, உன்துக்கு மட்டும் நோவுமா?"

முறைத்தார். பிறகு கல்லையும் பலகையையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்து வெயில் கண்டதும், தெருவுக்கே பொதுவான சூளையில் எல்லார் பானையையும் அடுக்கிச் சுட்டார்கள். பிரித்த அன்று நானும் போயிருந்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரு விரிசல் இல்லை. சடையப்பன் முகத்தில் ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

எங்கள் குயவர்கள் பானைக்கு அடையாளம் போடுவதில்லை. பலகை தட்டின தடத்தைத் தடவிப் பார்த்தே அவரவர் பானையை எடுத்துக்கொள்வார்கள். சடையப்பன் குனிந்து ஒன்றைத் தடவினார், வைத்தார். இன்னொன்றைத் தடவினார். அதையும் வைத்தார். தன் பானை எது, குப்பு வீட்டுப் பானை எது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டிலும் இருந்தது குப்புவின் கை.

"எதுவா இருந்தா இன்னா மாமா, எடுத்துக்க."

"இல்ல குப்பு. நாப்பது வருஷமா சூளையில கைய வெச்சதும் என் பானைன்னு தெரிஞ்சிடும். அது என் பானை இல்ல. அவ பானை."

எல்லார் முன்னாலும் ஓவென்று அழுதார். காரியத்தன்றுகூட அழாதவர்.

சாயங்காலம் மகளுக்குக் கார்டு எழுத வந்தார். "சூளை நல்லா எறங்குச்சு, நான் வரலன்னு எழுதுங்க வாத்தியாரே." எழுதினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றி என்னத்தைக் கண்டார் இந்தப் பாவி மனுஷன் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வாசல்வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இன்னொன்னும் எழுதுங்க. இங்க இருந்த பானையெல்லாம் சாவுத் தீட்டுன்னு ஒடைச்சிப்புட்டோம். உன் வூட்டுல உங்கம்மா தட்டுன பானை ஏதாச்சும் இருந்தா, அடுப்புல ஏத்தாத. எடுத்து வையி. நான் ஒருநாளு வந்து தொட்டுப் பாத்துட்டுப் போறேன்."