கடனில்லாதவளுக்கு வீடில்லை

கடனை அடைக்காதவர்களை வங்கிக்குப் பிடிக்காது. இது எல்லோருக்கும் தெரியும். கடனை ஒரேயடியாக அடைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறவர்களையும் அதற்குப் பிடிக்காது. எப்போதும் கொஞ்சம் கடன் வைத்துக்கொண்டு, அதை ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருப்பவர்களைத்தான் அது கொண்டாடும். எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. அதற்குள் அப்பா அம்மாவுக்கு வரவேண்டிய வீடு கைவிட்டுப் போயிருந்தது.

என் கணவர் ஈப்போவில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தி வந்தார். கொரோனா வந்து நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது யார் கல்யாணம் செய்தார்கள், யார் பந்தி போட்டார்கள்? என் பெயரில் மூன்று கிரெடிட் கார்டுகள் இருந்தன. வீட்டு வாடகை, அரிசி, பால் மாவு என்று எல்லாவற்றையும் அவற்றில்தான் தேய்த்தோம். தவணைகள் தவறின. ஒரு வங்கியிடமிருந்து வக்கீல் நோட்டீஸே வந்தது. பிறகு கணவர் லோரி ஓட்டப் போனார். நான் பகலில் பல் மருத்துவரின் கிளினிக்கிலும் மாலையில் துணிக்கடையிலும் நின்றேன். நகைகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி ஒரு வருடத்தில் ஒரு தவணைகூடத் தவறவில்லை. அந்த ஒரு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

மிச்சத் தொகையைக் கட்டப் போன அன்று, வங்கிக் கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் ரசீதை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, அவசரப்பட்டு எல்லாத்தையும் மூடிறாதீங்க. ஒரு கார்ட மட்டும் வச்சிக்குங்க. மாசம் ஒரு தடவ பெட்ரோல் அடிங்க, பில்லு வந்ததும் முழுசா கட்டிருங்க. நாளைக்கு வீட்டு லோன் கேட்டா அதத்தான் பாப்பாங்கலா."

"மூடிட்டா என்ன ஆகும்?"

"நீங்க ஒழுங்கா கட்டுனது கடன் ரிப்போர்ட்டுல தெரியாமப் போயிரும்க்கா."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இரண்டை மூடிவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டுதான் வெளியே வந்தேன்.

ஆனால் அம்மா வேண்டுதல் வைத்திருந்தார். அப்பாவும் அம்மாவும் அப்போது காம்பார் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். ரப்பர் போய் செம்பனை வந்து, அதுவும் போய், நிலம் வீடமைப்பு நிறுவனத்தின் கைக்கு வந்திருந்தது. மிஞ்சியிருந்தவை சில லயங்களும் மாரியம்மன் கோயிலும்தான். மகள் கடன் தீர்ந்தால் அவளைக் கடனாளியாக்கிய கார்டுகளை உடைத்து அம்மன் காலடியில் போடுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார். முடி கொடுப்பார்கள், காவடி எடுப்பார்கள், கிடா வெட்டுவார்கள். கிரெடிட் கார்டைக் காணிக்கை கொடுத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்குச் சிரிப்பு வந்தது. பிளாஸ்டிக்கைத்தானே கேட்கிறார், வெட்டிக் கொடுத்துவிட்டு வங்கிக் கணக்கில் ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

என் அண்ணன் விடவில்லை. அண்ணன் ஈப்போவில் கார் விற்பவன். மரியாதைக்கு 'அவர்' என்று எழுதவேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. யாருக்கு லோன் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது, ஏன் கிடைக்காது என்பதையெல்லாம் தினமும் பார்த்துப் பிழைப்பவன். காணிக்கை போடப் போன அன்று அவன் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் சொன்னான்:

"வெறும் பிளாஸ்டிக்க வெட்டிப் போட்டுட்டு கணக்க வச்சிருந்தா, அது சாமிய ஏமாத்துற மாதிரி. இப்பவே பேங்குக்குப் போன் அடிச்சு மூணையும் முடிச்சிரு."

"ஒண்ண வச்சிக்கச் சொன்னாங்கண்ணே, கவுண்டர்ல."

"அவங்க கார்டு விக்கிறவங்க, அப்படித்தான் சொல்லுவாங்க. மறுபடியும் போய் விழப்போறியா?"

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். பூசாரி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டு வங்கிகள் பேச்சில்லாமல் முடித்துவிட்டன. மூன்றாவது வங்கியின் அதிகாரி, ஆண்டுக் கட்டணம் வேண்டாம், கார்டை வைத்துக்கொள்கிறீர்களா, நிச்சயமாக மூடத்தான் வேண்டுமா என்று மலாயில் தன்மையாகக் கேட்டார். மூடு என்று அண்ணன் தலையை ஆட்டினான். "பாஸ்தி," நிச்சயம்தான் என்றேன். மாலை கட்டும் அக்காவிடம் கத்தரிக்கோல் வாங்கி வெட்டினோம். துண்டுகள் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் தட்டில் கிடந்தன. அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தார்.

சில மாதங்களில் வீட்டு விஷயம் வந்தது. லயங்களை இடிக்கப்போகிறார்கள். பழைய தொழிலாளர் குடும்பங்களுக்கு அதே நிலத்தில் கட்டும் தாமான் குடியிருப்பில் குறைந்த விலையில் வீடு. விலையைக் குடும்பத்தில் ஒருவர் வங்கிக் கடன் எடுத்துக் கட்டவேண்டும். குறித்த தேதிக்குள் கடன் கிடைக்காவிட்டால் வீடு வெளியாருக்குப் போய்விடும். அப்பாவின் வயதுக்கு எந்த வங்கியும் கடன் தராது. அண்ணனுக்கு ஏற்கெனவே ஈப்போவில் சொந்த வீடு இருக்கிறது. அதனால் என் பெயரில் எடுப்பது என்று பேசி முடித்தோம். கட்டிக் காட்டியிருந்த மாதிரி வீட்டை அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இத்தனை காலம் கம்பெனி வீட்டில் இருந்தவர். அன்றைக்குச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்ததையே இரவுச் சாப்பாடு முடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்.

வங்கி அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"ரிப்போர்ட்டு கோசோங்கா இருக்குக்கா. ஒண்ணுமே இல்ல. நீங்க எப்படிக் கட்டுவீங்கன்னு நாங்க எத வச்சிப் பாக்கிறது?"

"முழுசா அடைச்சிருக்கேனே!"

"அடைச்சது சரிதான். கணக்க மூடிட்டீங்களே. ஒரு கார்டாச்சும் வச்சிருந்திருக்கலாம்லா."

வெறுமையாக இருந்தாலாவது பரவாயில்லை. அந்த வக்கீல் நோட்டீஸ் மட்டும் கடன் விவரம் சேர்க்கும் வேறொரு நிறுவனத்தின் அறிக்கையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நான் நல்லபடி நடந்துகொண்ட வருடத்தை என் கையாலேயே அழித்தாயிற்று. கெட்ட பெயரை அழிக்க எனக்கு வழியில்லை. இன்னொரு வங்கிக்கும் போனேன், அதே பதில். வைப்புத்தொகை போட்டு அதன்மேல் புதிதாக ஒரு கார்டு எடுத்து, ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். வீட்டுக்குக் குறித்த தேதிக்கு ஒரு மாதம்கூட இல்லை.

"விட்டா வேற ஆளுக்குப் போயிரும். என் பேர்ல எடுக்கிறேன். யார் பேர்ல இருந்தா என்ன, நம்ம வீடுதானே?" என்றான் அண்ணன். ஒரே வாரத்தில் அவனுக்குக் கடன் கிடைத்தது. அவன் பையில் எத்தனை கார்டுகள் இருக்கின்றன என்று நான் பார்த்திருக்கிறேன். ஒன்றைக்கூட எந்தச் சாமிக்கும் கொடுத்ததில்லை.

சாவி வந்தது. அப்பா அம்மா குடிபோகவில்லை. மாதத் தவணை கழுத்தை நெரிக்கிறது, கொஞ்ச நாளைக்குக் காம்பார் பல்கலைக்கழக மாணவிகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விடலாம் என்றான் அண்ணன். லயத்தை இடித்துவிட்டார்கள். இருவரும் என்னோடு ஈப்போவுக்கு வந்தார்கள், லிப்ட் இல்லாத அடுக்குமாடியின் நான்காம் மாடிக்கு. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் படி ஏறுவார்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"தெரிஞ்சுதானண்ணே மூணையும் மூடச் சொன்னே?"

"தங்கச்சி திரும்பக் கடன்ல விழக்கூடாதுன்னு சொன்னது தப்பா?" என்றான். அம்மா அவன் பக்கம்தான் பேசினார்.

தெரியாமல் சொன்னான் என்றால் அவன் கார் விற்கவே லாயக்கில்லாதவன். தெரிந்து சொன்னான் என்றால் அண்ணன் என்று கூப்பிட லாயக்கில்லாதவன். இரண்டில் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் நன்றாகவே கார் விற்கிறான்.

நானும் புதிய கார்டு ஒன்று எடுத்திருக்கிறேன். பெட்ரோல் அடிக்கிறேன், பில் வந்ததும் கட்டுகிறேன். இப்போது வங்கிகள் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடன் வேண்டுமா என்கின்றன. வாங்குவதற்கு வீடுதான் இல்லை.

போன மாதம் அண்ணன் அப்பாவைக் கூப்பிட்டான். காம்பார் வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதாம், ஆள் வைத்தால் காசாகுமாம். போக வேண்டாம் என்றேன். அப்பா கேட்கவில்லை. நான்தான் காரில் கூட்டிப்போனேன். உள்ளே போக எனக்கு மனமில்லை, தெருவோரம் காரிலேயே இருந்தேன். அப்பா கேட்டுக்கு வெளியே நின்று மணியை அடித்தார். ஒரு சீன மாணவி வந்தாள்.

"துக்காங் கா, அங்கிள்?" என்று கேட்டாள். பழுதுபார்க்கும் ஆளா என்று. அப்பா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, செருப்பை வாசலில் ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

வெகுநேரம் கழித்து, சட்டையெல்லாம் நனைந்து வெளியே வந்தார். அந்தப் பெண் கொடுத்த குளிர்பானம் கையில் இருந்தது. கார் பெரிய சாலைக்கு ஏறியதும் கேட்டேன்.

"நீங்க யாருன்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லலையாப்பா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்னன்னும்மா சொல்றது?"