மெர்சிலின் காட்டிய மறுசூடு

வில்சனை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம். நான் சொல்ல வந்தது அவன் மனைவி மெர்சிலினைப் பற்றித்தான். ஆனால் அவனை விட்டுவிட்டு அவளைப் பற்றிப் பேச முடியாது. அப்படி ஒரு கல்யாணம் அது. ஜவ்வாது மலைச் சந்தையில் எனக்குக் கருவாட்டுக் கடை. எனக்கு எதிரில்தான் அவர்கள் இரண்டு பேரும் சாக்கை விரித்து, கத்தியும் கோடாரியும் களைக்கொத்தும் பரப்பி உட்காருவார்கள்.

மெர்சிலின் பிறந்து வளர்ந்தது கண்ணமங்கலம் பக்கம். கல்யாணமாகி மலைக்கு வந்த கையோடு வில்சன் அவளிடம் சம்மட்டியைக் கொடுத்தான். ஆள் வைத்தால் கூலி கொடுக்க வேண்டும், பெண்டாட்டிக்குச் சோறு போட்டால் போதும். இதை அவன் டீக்கடையில் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பான். அவள் அடித்தாள். தோள் அகன்றது, உள்ளங்கை காய்த்தது. சந்தைக்கு வரும் வெட்டிப் பயல்கள் அவளைப் பயில்வான் என்று கூப்பிட்டார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

போளூர் பழைய இரும்புக் கடையிலிருந்துதான் சரக்கு வரும். லாரியின் வில் பட்டை, இடித்த கட்டடத்துக் கம்பி, டிராக்டர் பல்சக்கரம் எல்லாம் ஒரே மூட்டையில் இருக்கும். துருவேறிக் கிடக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். தீயில் போட்டால்தான் குணம் வெளியே வரும். கட்டடக் கம்பியை எத்தனை முறை தண்ணீரில் தோய்த்தாலும் இறுகாது, முனை மடங்கிவிடும். லாரிப் பட்டை அப்படியில்லை. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் அரம் வழுக்கும் அளவுக்கு இறுகிவிடும். ஆனால் அந்த நிலையில் அது கண்ணாடி மாதிரி, ஓங்கி ஓர் அடி பட்டால் சில்லு பெயரும். அதனால் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி மறுபடியும் கங்கின் மேல் மெல்லச் சூடு காட்ட வேண்டும். முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். கோடாரி என்றால் கத்தரிப்பூ நிறம் நீலமாக மாறும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். கடினம் கொஞ்சம் குறையும், ஆனால் உடையாது. இதற்குப் பெயர் மறுசூடு. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார வில்சனுக்குப் பொறுமை கிடையாது. அந்த வேலை மெர்சிலினிடம் வந்து சேர்ந்தது. அவள் எடுத்த கோடாரி எதுவும் உடைந்து திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் மலைச் சந்தையில் ஒரு கூத்து உண்டு. கோடாரி வாங்க வருகிறவன் ஒருவனுடைய சரக்கின் முனையை இன்னொருவனுடைய சரக்கின் மேல் வைத்து இழுத்துப் பார்ப்பான். எதில் கீறல் விழுகிறதோ அதை வாங்க மாட்டான். அது உடையுமா என்று ஒரு ஆளும் கேட்டுப் பார்த்ததில்லை. இது பைத்தியக்காரத்தனம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். கருவாட்டுக்காரி பேச்சை யார் கேட்கிறார்கள்?

பாண்டுரங்கன் என்று ஒருத்தன் கீழேயிருந்து சரக்கு கொண்டுவர ஆரம்பித்தான். அவன் மறுசூடே காட்டுவதில்லை. வந்த முதல் சந்தையிலேயே அவன் கோடாரி வில்சன் கோடாரியைக் கீறிவிட்டது. வில்சன் வீட்டுக்குப் போய்க் குதித்தான்.

"இனிமே மறுசூடு வாணாம்."

"கல்லுல, ஆணியில பட்டா ஒடைஞ்சி தெறிக்குங்க. யார் கண்ணுலனா பூந்துடும்."

"ஒடைஞ்சா இன்னொண்ணு வாங்குவான். உனுக்கு இன்னாடி வந்துச்சு?"

அவன் கரி வாங்கப் போன நேரத்தில் மெர்சிலின் எல்லாக் கோடாரிக்கும் மறுசூடு காட்டிவிட்டாள். நிறம் தெரியாமலிருக்க செங்கல் பொடி போட்டுத் தேய்த்தும் வைத்தாள். யாரோ முகம் தெரியாதவன் கண்ணுக்காக அவள் இதைச் செய்தாள். அவளுக்குக் கிடைத்ததைக் கேளுங்கள்.

அடுத்த சந்தைக்கு அருணகிரி வந்தார். பக்கத்து ஊர் விவசாயி, சாமை போடுகிறவர். அவர் நிலத்தில் ஒரு புளியமரம் பட்டுப்போய் நின்றது, அதை வெட்டக் கோடாரி வேண்டும். இரண்டு பேர் சரக்கையும் எடுத்து இழுத்துப் பார்த்தார். வில்சன் கோடாரியில் வெள்ளையாகக் கீறல் விழுந்தது.

"இன்னா வில்சா, இது கோடாரியா கொழுக்கட்டையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

வில்சனுக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. மெர்சிலின் முடியைப் பிடித்து எழுப்பி நிறுத்தினான். "நான் வாணான்னு சொல்லியும் எனுக்குத் தெரியாம தீயில வெச்சிருக்கா. நல்லா பாத்துக்கங்க, இரும்பக் கெடுக்கறவ இவதான்" என்று கத்திக் கன்னத்தில் அறைந்தான். சந்தை முழுக்க வேடிக்கை பார்த்தது.

அந்த வாரம் வில்சன் ஒரு கோடாரியைத் தனியாக அடித்தான். மெர்சிலினை உலைப் பக்கமே விடவில்லை. அருணகிரி வந்து அதை வாங்கிக்கொண்டு போனார்.

பேய் பிடித்தவர்களைக் கூட்டி வந்து, பேயை இறக்கி ஆணி அடிக்கிற மரம் அந்தப் புளியமரம். பழைய ஆணிகள் பட்டைக்குள் புதைந்து கிடந்தன. வெட்டிக்கொண்டிருக்கும்போது கோடாரி ஓர் ஆணியில் மோதியது. முனையிலிருந்து ஒரு சில்லு தெறித்து அருணகிரியின் வலது கண்ணுக்குள் போய்விட்டது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஊர் கூடியது. கட்டுப்போட்ட முகத்தோடு அருணகிரியும் வந்து உட்கார்ந்தார், வாயைத் திறக்கவில்லை. வில்சன்தான் பேசினான்.

"அன்னிக்கே சந்தையில சொன்னேன், ஊரே கேட்டுச்சு. தீயில வெச்சிக் கெடுக்கறது இவ வேலைதான்."

ஆமாம் என்று தலையாட்டினார்கள். அவர்கள் கேட்டது உண்மைதானே.

"அந்தக் கோடாரிய நான் தொடவே இல்லீங்க. தொட்டிருந்தா ஒடைஞ்சே இருக்காது" என்றாள் மெர்சிலின்.

ஊர்ப் பெரியவர் துரைக்கண்ணு கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். "அன்னிக்குத் தொட்ட. இன்னிக்குத் தொடலன்ற. எத நம்பறது?"

அருணகிரி உடம்பு தேறி அவர் வேலையை அவரே பார்க்கிறவரைக்கும் மெர்சிலின் தினமும் அவர் வீட்டுக்குப் போய் விறகு பிளக்க வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு சொன்னார்கள். வில்சன் உடனே ஒத்துக்கொண்டான். அவனுக்கு என்ன நஷ்டம்? சாயந்திரம் திரும்பி வந்து சம்மட்டி அடிக்கப்போகிறவளும் அவள்தானே.

முதல் நாள் அருணகிரி வீட்டு வாசலில் நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். அழுதுகொண்டு சொல்லவில்லை, காரப்பொடிக் கருவாடு என்ன விலை என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"மாதா மேல சத்தியம்ணா. அந்தக் கோடாரியில என் கை படல" என்றிருக்கிறாள்.

அருணகிரி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துச் சொன்னாராம்.

"தெரியும்மா. மறுசூடு காட்டாதது ஒண்ணு வோணும், பொம்பள கை படக்கூடாதுன்னு நான்தான் வில்சன்கிட்ட கேட்டு வாங்கினேன்."

"அப்ப ஊர்ல சொல்லியிருக்கலாமேணா."

"சொன்னா நான்தான முட்டாளு? கண்ணும் போயி மானமும் போவணுமா? வெறகு அந்தாண்ட கெடக்குது, போயி பொள."

அவள் போய்ப் பிளந்தாள்.

இது நடந்து இரண்டு புளி அறுவடை முடிந்துவிட்டது. அருணகிரி ஏர் ஓட்டுகிறார். பைக்கை எடுத்துக்கொண்டு போளூர் வரைக்கும் தனியாகப் போய் வருகிறார். அவருக்கு இன்னும் உடம்பு தேறவில்லை என்றுதான் ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது.