நடுப்பாட்டில் கையை எடுத்தேன்

ராக் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவனை ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. தூத்துக்குடியில் என் புகழெல்லாம், "டிரம்ஸ் அடிக்கான்லா, அவன் பக்கத்துல ஒருத்தன் நிப்பாம்லா" என்பதோடு சரி.

அந்தப் புகழோடுதான் புன்னைக்காயலுக்குப் பெண் கேட்டுப் போனேன். நானும் அவளும் ஏற்கெனவே முடிவுசெய்திருந்த விஷயம். அவள் அப்பா விசைப்படகு ஓட்டுபவர். நான் கொண்டுபோயிருந்த கிட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மத்தவனுக்கு ஆறு கம்பி இருக்கு. உனக்கு நாலுதான் குடுத்தானுவளா?"

"பேஸுக்கு நாலுதான், மாமா."

"மாமாவ அப்புறம் பாப்போம். கல்யாண வீட்டுல வாசிச்சியே, உன் சத்தம் எது?"

"அடியில கேட்டிருக்கும்."

"எனக்குக் கேக்கலியே. கோயில் திருவிழாவுக்கு வாசிக்கியளாம்லா, அன்னைக்கு வாரேன். கேட்டா பொண்ணு. கேக்கலன்னா டிரம்ஸ்காரன வரச்சொல்லு."

திருவிழா அன்று சாயங்காலம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். இரண்டாவது பாட்டிலேயே தலை தொங்கிவிட்டது. விடியுமுன் கடலுக்குப் போய்வந்த மனிதர். பெண்கள் பக்கமிருந்து அவள் என்னை முறைத்தாள். சத்தத்தைக் கூட்டினேன், மைக்செட் அண்ணாச்சி குறைத்தார். மாமா முன்னால் போய்க் குதித்துக் குதித்து வாசித்தேன். சின்னப்பிள்ளைகள்தான் சிரித்தார்கள்.

இனி என்ன வாசித்து என்ன? நடுப்பாட்டில் கையை எடுத்துவிட்டேன். பாடுகிறவன் பாடினான். டிரம்ஸ்காரன் அடித்தான். கூட்டம் முன்பைவிட நன்றாகக் கைதட்டியது.

நாற்காலி சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. மாமா எழுந்து நின்றார்.

"ஏலே, எஞ்சின் நின்னுட்டு. கீழ எவம்ல இருக்கான்?"

படகில் வேறொருவர் கையில் சுக்கானைக் கொடுத்துவிட்டு, எஞ்சின் ஓடுகிற அதிர்விலேயே தூங்கிப் பழகிய உடம்பு. அது நின்றால்தான் விழிக்கும். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் அவசரமாக வாசிக்கத் தொடங்கினேன். அவர் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, மறுபடியும் தூங்கினார்.

கச்சேரி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நல்லாத்தான ஓடிச்சு. நடுவுல எதுக்கு நின்னுது?"

"டீசல் குழாயில காத்து புடிச்சிருக்கும், மாமா."

"கல்யாணத்துக்கு முன்னால அதச் சரி பண்ணு" என்றார். மாமா என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை.